ஃபாரடேயின் குறிப்பேட்டிலிருந்து ஒரு பழக்கம்

மாணவர்களிடம் விடாமுயற்சியையும் நேர்மையையும் வளர்க்க அறிவியலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது, கண்டுபிடிப்போடு நிறுத்திவிடாமல், அவர்கள் வழக்கமாகச் செய்துவந்த ஒரு செயலையும் எடுத்துக்காட்டுங்கள். அதற்கு மைக்கேல் ஃபாரடேயைவிடப் பொருத்தமானவரை நான் அறியேன்.

கொல்லரின் மகனான அவர், பதினான்காம் வயதில் லண்டனில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்துக் கற்றார். 1812-இல் புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகள் நான்கைக் கேட்டவர், அவற்றைப் படங்களுடன் விரிவாக எழுதி, நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர அது வழிவகுத்தது. காந்தத்திலிருந்து மின்சாரம் பெறும் முயற்சி 1820-களில் பலமுறை தோற்று, 1831 ஆகஸ்டில்தான் கைகூடியது. இதைவிட என்னைக் கவர்வது, ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு தேடி 1849-இல் செய்த சோதனைகள் பலனளிக்காதபோது, அந்தத் தோல்வியையும் மறைக்காமல் அவர் வெளியிட்டதுதான்.

ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஒரு தனிக் குறிப்பேடு கொடுங்கள். வகுப்பில் கேட்டதை அன்று மாலையே, பாடநூலைப் பாராமல், தன் சொற்களில் படத்துடன் எழுதச் சொல்லுங்கள். பிறகு பாடநூலுடன் ஒப்பிட்டு, தவறானதை அழிக்காமல் அதன்மீது ஒரு கோடு மட்டும் இட்டு, அருகில் தேதியுடன் திருத்தத்தை எழுதட்டும். அழித்துவிட்டால், எங்கே தவறினோம் என்பதைத் திரும்பிப் பார்க்க வழியில்லாமல் போய்விடும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு அரைப்பக்கம் போதும்.