பழத்திலிருந்து தொடங்குங்கள்: உர்ஹோபோ வீட்டுப் பாங்கா சூப்பும் ஸ்டார்ச்சும் செய்யும் முறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு பாட்டில் செம்பனை எண்ணெய் வாங்கி, அதில் மீனையும் மிளகாயையும் போட்டுக் கொதிக்கவைத்து, அதற்குப் பாங்கா சூப் என்று பெயர் வைக்காதீர்கள். தேங்காய்ப் பாலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்றிச் சொதி வைத்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான் இதுவும். பாங்கா என்றாலே செம்பனைப் பழம். அந்தப் பழத்தை அவித்து, இடித்து, பிழிந்து எடுக்கிற கெட்டிப் பால்தான் சூப். எண்ணெய் என்பது அந்தப் பாலுக்குள் இருக்கிற ஒரு பொருள், அவ்வளவுதான்.

நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில், வாரி நகரத்தை ஒட்டியிருக்கிற எஃபுருனில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். இந்தச் சூப்பையும், அதோடு சாப்பிடுகிற ஸ்டார்ச் என்ற மரவள்ளி மாவுக் களியையும் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டு அம்மாவின் கொல்லைப்புற அடுப்படியில். அவர் உர்ஹோபோ, டெல்டாவில் வாழ்கிற இனங்களில் ஒன்று. அவர்கள் மொழியில் இதற்கு ஓகுவோ அமியேடி என்று பெயர். ஓகுவோ என்றால் சூப், அமியேடி என்பது பாங்கா. முதல் நாள் நான் ஆசையாக எண்ணெய் பாட்டிலோடு போய் நின்றபோது, "அது எண்ணெய், சூப்புக்குப் பழம் வேண்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் சந்தைக்குப் போய்ப் பழம் வாங்கிவந்த பிறகுதான் அடுப்பே பற்றவைத்தார்.

சரி, பழம் எங்கே கிடைக்கும்? டெல்டாவில் எந்தச் சந்தையிலும் குவித்து வைத்திருப்பார்கள். மலேசியாவில் இருப்பவர்களுக்குச் செம்பனைத் தோட்டம் புதிதில்லை. ஆனால் அந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா என்பதும், 1848-ல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளிலிருந்துதான் அது தென்கிழக்கு ஆசியாவில் பரவத் தொடங்கியது என்பதும் தோட்டத்தில் உழைத்த நம் குடும்பங்கள் பலருக்கும் எட்டாத செய்தி. பழம் கிடைக்காத ஊரில், ஆப்பிரிக்க மளிகைக் கடைகளில் டின்னில் அடைத்த பழச்சாறு கிடைக்கும், அதை வாங்கலாம். வாங்கும்போது பழச்சாறா, எண்ணெயா என்று பார்த்து வாங்குங்கள்.

நாலைந்து பேருக்கு ஒரு கிலோ பழம் போதும். கூடவே அரைக் கிலோ ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சி, நடுத்தர அளவில் ஒரு கெளுத்தி மீன், ஒரு துண்டு புகையில் உலர்த்திய மீன், இரண்டு மேசைக்கரண்டி சென்னாக்குன்னி, உப்பு. மிளகாய், அங்கே கிடைக்கிற குண்டான மஞ்சள் மிளகாய் இரண்டு. அது கிடைக்காவிட்டால் நல்ல காரமான பச்சை மிளகாய் போதும். ஆற்றங்கரை ஊர்களில் நத்தையும் சேர்ப்பார்கள். நம் உப்புக் கருவாட்டைப் போட்டால் சூப் கரித்துவிடும், புகை மீன் கிடைக்கவில்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

மசாலாதான் இந்தச் சூப்பைத் தனியாகக் காட்டுவது. அட்டாய்கோ, இருகேஜே என்று இரண்டு விதைகள், இரண்டையும் லேசாக வறுத்துப் பொடிப்பார்கள். அப்புறம் ஓபுருன்பேபே என்று ஒரு காய்ந்த குச்சி. அதை முழுதாக அப்படியே கொதியில் போட்டு, பரிமாறுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். கடைசியில் தூவ ஓபெலேடியென்டியென் என்ற வாசனை இலை, இல்லாவிட்டால் கழுவிக் காயவைத்த கசப்பு இலை. இவற்றை ஒன்றாகப் பொடித்து "பாங்கா மசாலா" என்று பொட்டலமாகவே விற்கிறார்கள், இரண்டு தேக்கரண்டி போதும். இதற்குப் பதில் கரம் மசாலா போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சீரகமும் சோம்பும் உள்ளே வந்தால் அது நம் வீட்டுக் குழம்பாகிவிடும். பொட்டலம் கிடைக்கவே இல்லையென்றால் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும் கொஞ்சம் மிளகும் மட்டும் போடுங்கள். அதே மணம் வராது, ஆனாலும் பழத்தின் ருசியைக் கெடுக்காது. வெங்காயம், தக்காளியும் டெல்டாப் பக்கம் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

பழத்தை நன்றாகக் கழுவி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம் அவியுங்கள். நகத்தால் அழுத்தினால் சதை கொட்டையை விட்டு நழுவ வேண்டும்.

அது அவிகிற நேரத்தில் அந்த அம்மா கதை சொல்வார், எனக்கும் இங்கே கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. 1885-ல் பிரிட்டிஷார் இந்தக் கரையோரத்துக்கு ஆயில் ரிவர்ஸ் பாதுகாப்புப் பகுதி என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்குப் படிப்பவர்கள் பெட்ரோலியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெட்ரோலியம் அங்கே வணிக அளவில் கிடைத்தது 1956-ல், இஜோ இன மக்களின் ஒலோய்பிரி ஊரில். அந்தப் பெயரில் இருந்த ஆயில் செம்பனை எண்ணெய். 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்துக்குத் தடை போட்ட பிறகு, அவர்களுடைய கப்பல்கள் இந்த எண்ணெயைத் தேடி வந்தன. சோப்புக்கு, மெழுகுவத்திக்கு, தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மசகாக. உள்நாட்டில் கயிறு கட்டி மரமேறிக் குலை வெட்டியதும், பழைய வள்ளங்களில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதித்து எண்ணெய் எடுத்ததும் உர்ஹோபோ மக்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த இட்செகிரி இனத்து வணிகர்கள் அதை வாங்கிக் கப்பலுக்கு விற்றார்கள். அவர்களில் பெரியவர் நானா ஒலோமு. 1884-ல் அவர் பெனின் ஆற்றின் ஆளுநராக இருந்தார். வணிகம் அவர் கையிலேயே இருந்தது பிடிக்காமல், பிரிட்டிஷார் 1894-ல் பீரங்கிப் படகுகளோடு போய் அவருடைய எப்ரோஹிமி ஊரை அழித்து அவரை நாடுகடத்தினார்கள். 1927-ல் வாரி மாகாணத்தில் வரி போட வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள், செம்பனைச் சரக்கை வெள்ளைக்கார நிறுவனங்களுக்கு விற்கவும் மறுத்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அந்தப் பழம்தான். இவ்வளவும் நடந்த காலத்தில் வீட்டு அடுப்பில் இருந்ததும் அதே பழம்தான் என்பதை நான் மறப்பதே இல்லை.

பழம் வெந்திருக்கும். தண்ணீரை வடித்து, சூடு இருக்கும்போதே உரலில் போட்டு இடியுங்கள். ஓங்கிக் குத்தக் கூடாது. கொட்டை உடைந்தால் துண்டுகள் பாலில் கலந்துவிடும், எவ்வளவு வடித்தாலும் பல்லில் தட்டும். சதை நார் நாராகப் பிரிகிற வரை, உலக்கையைப் புரட்டிப் புரட்டி இடிக்க வேண்டும். மிக்ஸியில் போடாதீர்கள். உரல் இல்லாதவர்கள் பெரிய பாத்திரத்தில் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசையலாம், நேரம்தான் கொஞ்சம் கூடும்.

அடுத்தது தேங்காய்ப் பால் எடுக்கிற வேலையே. ஒன்றரை லிட்டர் வெந்நீரை இரண்டு மூன்று தடவையாக ஊற்றி, பிசைந்து, பிழிந்து, சல்லடையில் வடியுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் நாரிலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் வெந்நீர்தான். வடித்தது ஆரஞ்சு நிறத்தில், கெட்டி மோர் பதத்தில் இருக்கும். கொட்டைகளையும் நாரையும் எறிய வேண்டாம். நார் காய்ந்தால் அடுப்பெரிக்க உதவும். கொட்டையை உடைத்து உள்ளே இருக்கிற பருப்பை எடுப்பார்கள். அதிலிருந்து வருவது வேறு எண்ணெய்.

பாலை அகலமான பானையில் ஊற்றி, மூடாமல் கொதிக்கவிடுங்கள். முதலில் தண்ணீராகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் சுண்டிக் கெட்டியாகி, மேலே சிவந்த எண்ணெய் பிரியும். மைதா, சோளமாவு என்று எதையும் கரைத்து ஊற்றாதீர்கள். மலேசியத் தோட்டங்களில் இப்போது இருக்கிற ஒட்டு ரகத்தில் ஓடு மெல்லியது, சதை அதிகம், எண்ணெயும் அதிகம். அந்தப் பழத்தில் செய்தால் மிதக்கிற எண்ணெயில் பாதியைக் கரண்டியால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டார்ச்சுக்கு வேண்டியிருக்கும்.

இறைச்சியைத் தனியாக உப்புப் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து இதில் ஊற்றுங்கள். சென்னாக்குன்னியைப் பொடித்துப் போடுங்கள், இடித்த மிளகாய், மசாலா, குச்சி, புகை மீன் எல்லாம் இப்போதுதான். பத்து நிமிடம் கழித்துக் கெளுத்தி. கெளுத்தியை முன்கூட்டியே உப்புப் போட்டுத் தேய்த்து, மேலே வெந்நீர் ஊற்றி வழவழப்பைக் கழுவிவிட வேண்டும், அப்போதுதான் உடையாமல் இருக்கும். மீன் போட்ட பிறகு கரண்டி போடாதீர்கள், பானையைப் பிடித்து ஆட்டினால் போதும். மீன் வெந்ததும் இலையைத் தூவி, இரண்டு கொதி விட்டு இறக்கி, குச்சியை எடுத்துவிடுங்கள்.

இனி ஸ்டார்ச். உர்ஹோபோ மொழியில் இதற்கு "ஊசி" என்று பெயர், நம் தையல் ஊசி இல்லை. அங்கே மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, துருவி, துணியில் கட்டித் தண்ணீரில் அலசி, அடியில் படிகிற வெள்ளை மாவை எடுப்பார்கள். நமக்குச் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் எடுக்கிற மரவள்ளி மாவு இருக்கிறதே, அது இதே பொருள்தான். ஒரு கப் உலர்ந்த மாவுக்கு ஒன்றரை கப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, எடுத்துவைத்த செம்பனை எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, அடுப்பைச் சின்னதாக வைத்துக் கிண்டுங்கள். களி கிண்டத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம், ஆனால் களியைவிடக் கை வலிக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போல இருந்துவிட்டு, திடீரென்று அடியில் திரளத் தொடங்கும். அந்த நொடியிலிருந்து துடுப்பை நிறுத்தக் கூடாது. வெள்ளை முழுவதும் மறைந்து, மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி ஆகி, இழுத்தால் ரப்பர் போல நீள வேண்டும். உள்ளே வெள்ளைத் திட்டு தெரிந்தால் வேகவில்லை, ஒரு கை வெந்நீர் தெளித்து இன்னும் கிண்டுங்கள்.

சாப்பிடுவதற்கு முன், வீட்டில் பெரியவர் இருந்தால் இளையவர் மண்டியிட்டு "மிக்வோ" என்பார், பெரியவர் "வ்ரெண்டோ" என்று எழச் சொல்வார். நான் மண்டியிடும்போது அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். உர்ஹோபோ வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள் இந்த ஒரு சொல்லையாவது கற்றுக்கொண்டு போங்கள். சாப்பிடுவது வலது கையால்தான். விரலைச் சூப்பில் நனைத்துக்கொண்டால் ஸ்டார்ச் ஒட்டாது. சிறிதாகக் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, சூப்பை அள்ளி விழுங்க வேண்டும். மெல்ல ஆரம்பித்தால் பல்லில் ஒட்டிக்கொண்டு அவஸ்தைப்படுவீர்கள்.

இது உர்ஹோபோ சூப் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. உர்ஹோபோவும் இசோகோவும் நெருங்கிய மொழிகள், இட்செகிரி யொரூபாவுக்குச் சொந்தம், இஜோ வேறு குடும்பம். மொழி இவ்வளவு விலகியிருந்தும், நிலத்துக்காக ஒருவரோடொருவர் மோதிய காலங்கள் இருந்தும், நான்கு வீட்டு அடுப்பிலும் இந்தப் பழம் இருக்கிறது. கிழக்கே இக்போ மக்கள் இதையே ஓஃபே அக்வு என்று சோற்றோடு சாப்பிடுகிறார்கள். ஸ்டார்ச் இறங்காத குழந்தைகளுக்கு நீங்களும் அப்படியே சோற்றில் ஊற்றிக் கொடுக்கலாம்.

சூப் மீந்தால் மறுநாள் இறுகிவிடும், கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்குங்கள், முதல் நாளைவிட ருசியாக இருக்கும். ஸ்டார்ச்சை மட்டும் மீதம் வைக்காதீர்கள், ஆறினால் கல்லாகிவிடும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கிண்டிக்கொள்ளுங்கள்.