கரண்ட் வந்தாலும் எழும்பாத நூலக சேர்வர்

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு சின்ன நூலகம். அதன் இணையத்தளமும் கோஹா நூற்பட்டியலும் (நியூசிலாந்தில் 2000இல் பாவனைக்கு வந்த இலவச மென்பொருள்) சேர்வராக வைத்த பழைய டெஸ்க்டொப் ஒன்றில் ஓடுகின்றன. அதற்குப் பதிலாக ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி வைத்தால் மலிவுதான், மின்செலவும் குறைவு. ஆனால் திடீரெனக் கரண்ட் போகிற இடத்தில், அது வழக்கமாக ஓடும் மெமரி கார்டை நம்ப எனக்கு மனமில்லை.

யூபிஎஸ் முழுதாக வடிந்த நாட்களில் மட்டும், கரண்ட் வந்தபின் மெஷின் எழும்பாது. நூலகர் அக்கா வந்து பட்டனை அமத்தினால்தான் தளம் வரும்.

மின்சாரம் மீண்டால் தானாக ஓன் ஆகும் தெரிவு பயோஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) உண்டு. அதைப் போட்டு, வயரைக் கழற்றிச் செருகினேன், உடனே எழும்பியது. அடுத்த நீண்ட மின்வெட்டில் பழைய கதைதான். பவர் சப்ளையை மாற்றினேன், வேறு யூபிஎஸ்ஸும் வைத்துப் பார்த்தேன். பலனில்லை.

கடைசியில் வயரை இரவு முழுக்கக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் நேரே பயோஸுக்குள் போனேன். திகதி 2012 ஜனவரி 1, தெரிவும் பழையபடி ஓஃப். லினக்ஸ் ஏறியதும் இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திவிடுவதால் இது யார் கண்ணிலும் படவில்லை. மின்சாரம் இல்லாதபோது பயோஸின் திகதியையும் தெரிவுகளையும் காப்பது மதர்போட்டிலிருந்த காசளவு பற்றரி, சீஆர் 2032. மூன்று வோல்ட் காட்ட வேண்டியது மீட்டரில் 2.1 காட்டியது. சில நொடிச் சோதனைக்கு அது தாக்குப்பிடிக்கும், மணிக்கணக்குக்குத் தாங்காது.

புதியதைப் போட்டு, தெரிவை மீண்டும் சேமித்து, இன்னோர் இரவு வயரைக் கழற்றி வைத்தேன். காலையில் செருகியதும் தானே எழும்பியது. அப்பாடா!