பெ.ஆ.ச. முதல் பள்ளி வாரியம் வரை: பினாங்குப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தீவில் சில, மற்றவை பட்டர்வொர்த், பிறை, நிபோங் தெபால் என்று பெருநிலத்தில். ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் (பெ.ஆ.ச.) ஆண்டுக் கூட்டம் என்று ஒரு காலைப் பொழுது உண்டு. பெற்றோருக்கு உண்மையான அதிகாரம் இருப்பது அந்த ஒரு காலையில்தான். அதைத்தான் நாம் பெரும்பாலும் தேநீரும் மீகோரிங்கும் சாப்பிட்டுவிட்டுக் கலைகிற நிகழ்ச்சியாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

இந்த ஊருக்கு இதில் ஒரு தனி வரலாறும் உண்டு. மலாயாவிலேயே முதன்முதலில் நகராண்மைத் தேர்தல் நடந்தது ஜோர்ஜ் டவுனில், 1951 டிசம்பரில். 1965இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் அதை ஒரேயடியாக முடித்து வைத்தது. இன்று மாநகர் மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆக, நம் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பொறுப்புக்கு நாமே கை தூக்கி ஆளைத் தேர்ந்தெடுக்கிற இடம் என்று தேடினால், பள்ளிக்கூட மண்டபம்தான் மிஞ்சுகிறது. அதனால்தான் அங்கே நடக்கிற தவறுகள் என்னை இவ்வளவு உறுத்துகின்றன.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்பது

கூரை ஒழுகுகிறது என்று பெ.ஆ.ச. தலைவரிடம் சண்டை போடுகிறோம். குடும்ப தினக் கணக்கைத் தலைமையாசிரியரிடம் கேட்கிறோம். ஆசிரியர் பற்றாக்குறைக்குச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறோம். மூவருமே பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள், ஒன்றும் நடக்காது. யார் மேலும் தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு.

தலைமையாசிரியர் அரசு ஊழியர். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் கல்வி அமைச்சு. பாடம், கால அட்டவணை, ஆசிரியர்களின் வேலை, அரசு தரும் மானியம், சிற்றுண்டிச்சாலைக் குத்தகை எல்லாம் அவர் பொறுப்பில் வரும். அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலகம், அதாவது நாம் பி.பி.டி. என்று சொல்வது. அதற்கு மேலே மாநிலக் கல்வி இலாகா, அப்புறம் புத்ராஜெயாவில் உள்ள அமைச்சு.

பெ.ஆ.ச. 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இயங்குகிறது. அது கல்விச் சட்டத்தின் கீழ் வருவது. கோயில் நிர்வாகத்தையோ இளைஞர் மன்றத்தையோ போலச் சங்கப் பதிவிலாகாவின் கீழ் வருவதில்லை. அங்கே புகார் எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதம் கல்வி இலாகாவுக்குப் போயிருக்க வேண்டும். இன்னொன்று, பள்ளியின் நிர்வாகத்திலோ ஆசிரியரின் தொழில் சார்ந்த முடிவுகளிலோ தலையிடும் அதிகாரம் பெ.ஆ.ச.வுக்குக் கிடையாது. ஓர் ஆசிரியரை மாற்றச் சொல்லி ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால், அந்தத் தாளுக்கு யாரையும் கட்டுப்படுத்தும் வலு இருக்காது. அதே குறையைச் சான்றுகளோடு பி.பி.டி.க்கு எழுதினால் அதை விசாரிக்க ஓர் அதிகாரி இருக்கிறார்.

பள்ளி வாரியம் இன்னொரு தனி அமைப்பு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பகுதி உதவி பெறும் பள்ளி என்றால் நிலம், கட்டடம் பற்றிய கேள்விகளுக்கு வாரியம் பதில் சொல்ல வேண்டும். முழு அரசாங்கப் பள்ளி என்றால் ஒழுகும் கூரைக்குத் தலைமையாசிரியர் வழியாக பி.பி.டி.தான் போக வேண்டிய இடம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி இரண்டில் எந்த வகை என்பதை அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒய்.பி., அதாவது சட்டமன்ற உறுப்பினர், விஷயம் சுருக்கமானது. கல்வி கூட்டரசின் அதிகாரத்தில் உள்ளது. மாநில அரசு பள்ளிக்கு மானியம் தரலாம். சட்டமன்ற உறுப்பினர் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம். ஆசிரியரை அனுப்புவதோ எடுப்பதோ அவர் கையில் இல்லை.

கணக்குத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வது

கணக்கறிக்கை பெரும்பாலும் இரண்டு பக்கம்தான். அதையும் பல இடங்களில் கூட்டத்தன்று காலையில்தான் கையில் கொடுப்பார்கள். "முன்மொழிகிறேன்", "வழிமொழிகிறேன்" என்று இரண்டு குரல் கேட்கும், கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதாகிவிடும். எங்கள் பக்கம் ஒரு பள்ளியில் இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்ததை நானே பார்த்தேன். அந்த ஆண்டு வசூலான பணம் சில ஆயிரம் ரிங்கிட். அதில் பெரும்பகுதி, பல குடும்பங்களில் ஓவர்டைம் செய்து வந்த காசு.

கணக்கு வாசிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம். போன ஆண்டுத் தாளைப் பத்திரப்படுத்தி எடுத்து வாருங்கள். அதன் கடைசி வரியில் உள்ள கையிருப்பும் இந்த ஆண்டின் முதல் வரியில் உள்ள ஆரம்ப இருப்பும் ஒரு சென் விடாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மற்ற வரிகளைப் பார்ப்பதற்கு முன் அதற்குப் பதில் வேண்டும்.

அடுத்தது குடும்ப நன்கொடை. ஒரு பேச்சுக்கு, பள்ளியில் 120 குடும்பம், குடும்பத்துக்கு 50 ரிங்கிட், கட்டியது 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். வரவில் 4,500 ரிங்கிட் இருக்க வேண்டும். தாளில் 3,200 என்று இருந்தால் மீதி 1,300 எங்கே? வேறு தலைப்பில் எழுதியிருக்கலாம், ரசீதுப் புத்தகம் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

விழாக்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. "குடும்ப தினம், நிகர வரவு 2,100" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மொத்தம் எவ்வளவு வந்தது, கூடாரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போனது என்று தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே "இதர செலவுகள்" என்ற வரியையும் பாருங்கள். மற்ற எல்லாச் செலவுகளையும்விட அது பெரிதாக இருந்தால் பிரித்துக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. கடைசியாக, ஆண்டு முடிவு நாளின் வங்கி அறிக்கை. அதில் உள்ள தொகையும் தாளில் உள்ள தொகையும் ஒன்றா, வேறா? வேறு என்றால் இடையில் உள்ளது கையில் இருக்கும் ரொக்கமா, மாற்றப்படாத காசோலையா?

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசு தரும் மானியமும், பள்ளியின் பெயரில் நேரடியாக வரும் பொது நன்கொடையும் பெ.ஆ.ச. கணக்கில் வராது. அவை பள்ளியின் கணக்குகள். தலைமையாசிரியர் அவற்றுக்குப் பொறுப்பு, அமைச்சின் தணிக்கை அவற்றுக்கு உண்டு. நீங்கள் கொடுத்த பணம் எதில் சேர்ந்தது என்பதை ரசீதில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் தெரிந்தவர்கள்கூடக் கேட்பதில்லை. கணக்குக் கேட்டால் பொருளாளரைத் திருடன் என்று சொன்னதாக நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சம்பளம் வாங்காமல் உழைக்கிற மனிதரைக் காயப்படுத்திவிடுவோமோ என்று தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்கப்படாத பொருளாளர் மீதுதான் பிறகு ஊர் முழுக்க வதந்தி கிளம்புகிறது. கூட்டத்தில் நாலு பேர் முன்னால் பதில் சொன்னவர் மீது அப்படி யாரும் பேச முடியாது. "அண்ணே, நீங்க பட்ட சிரமம் எங்களுக்குத் தெரியும். குடும்ப தினச் செலவை மட்டும் பிரிச்சுக் காட்டினீங்கன்னா எல்லாருக்கும் விளங்கிடும்" என்று ஒரு தாய் கேட்டதைக் கேட்டேன். பொருளாளர் கோப்பைத் திறந்து ரசீதுகளைக் காட்டினார். யார் முகமும் சுருங்கவில்லை.

கேட்டதோடு நிறுத்தாமல், "இதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறிய கேள்விக்கு அடுத்த ஆண்டு பதில் சொல்லியாக வேண்டும். ஏறாத கேள்வியை அடுத்த ஆண்டு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

தனி நபரின் கணக்கில் பணம் போடுவது

வகுப்பறைக்குச் சாயம், மின்விசிறி, ஆசிரியர் தினப் பரிசு என்று வாட்ஸ்அப்பில் வசூல் வரும். பணம் அனுப்ப டியூட்நாவ் எண் ஒன்றைப் போடுவார்கள், அது ஓர் அம்மாவின் சொந்தக் கணக்காக இருக்கும். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அந்தப் பணம் பெ.ஆ.ச. அறிக்கையிலும் வராது, பள்ளிக் கணக்கிலும் வராது. கணக்காய்வாளர் அதைப் பார்க்கவே முடியாது. பத்து ரிங்கிட் என்றாலும் சங்கத்தின் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். நன்கொடை கட்ட முடியாத குடும்பத்தின் பிள்ளையைச் சேர்க்க மறுப்பதும், பாடநூல் தராமல் நிறுத்துவதும் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

ஆள் சேர்த்து வந்து கை தூக்குவது

சில பள்ளிகளில் தேர்தல் முந்திய இரவே முடிந்துவிடுகிறது. கட்சிக் கிளையோ கோயில் குழுவோ பட்டியல் போடும், காலையில் ஒரு கூட்டமாக வந்து உட்காரும். 150க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்ட பள்ளியில் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தாலே அதிகம். அதில் பதினைந்து பேர் சேர்ந்து கை தூக்கினால் கதை முடிந்தது. மற்றவர்கள் வீட்டில் இருந்ததுதான் அந்தப் பதினைந்து பேரின் பலம்.

கட்சிக்காரர் பொறுப்புக்கு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கு உழைத்த கட்சிக்காரர்கள் நிறைய. அவர் பிள்ளை இப்போது அந்தப் பள்ளியில் படிக்கிறதா என்பதுதான் கேள்வி. உறுப்பியம் நடப்பு மாணவர்களின் பெற்றோர், பாதுகாவலர், ஆசிரியர்களுக்கு உரியது. பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் நாற்காலியை விடாதவர்கள் இருந்தால் வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். முன்னாள் மாணவர்கள் உதவ நினைத்தால் அதற்கு முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆள் கிடைக்காமல் அதே ஐந்து பேர் ஆண்டுக்கு ஆண்டு சுமக்கிற பள்ளிகள். அங்கே "அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுவது அவர்களுக்கும் அநியாயம்.

முதலில் ஃபேஸ்புக்கில் போடுவது

கோபத்தில் போடுகிற பதிவில் ஆசிரியர் பெயர் இருக்கும், சில நேரம் பிள்ளையின் முகமும் இருக்கும். நிரூபிக்க முடியாத பண விவகாரத்தை ஒருவர் பெயர் சொல்லி எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். பெயரில்லாத மொட்டைக் கடிதமும் அநேகமாகக் குப்பைக்குத்தான் போகும்.

முதலில் தலைமையாசிரியருக்கோ பெ.ஆ.ச. தலைவருக்கோ ஒரு பக்கக் கடிதம். நடந்தது என்ன, எந்தத் தேதி, என்ன கேட்கிறீர்கள் என்பது மட்டும் அதில் இருக்கட்டும். நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரை வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த நகலோடு பி.பி.டி.க்கு எழுதுங்கள். மலாயில் எழுதுவது நல்லது, கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாது. அமைச்சின் சிஸ்பா புகார் முறையிலும் பதிவு செய்யலாம், அதில் புகார் எண் கிடைக்கும். பணம் கையாடப்பட்டதற்குக் கையில் ஆவணம் இருந்தால் ஊழல் தடுப்பு ஆணையம் இருக்கிறது.

புகார் செய்தால் பிள்ளையைப் பழிவாங்கிவிடுவார்களோ என்ற பயம் உண்மையானது. அதை யாரும் சிரித்துத் தள்ள வேண்டாம். தனியாகப் போகாமல் மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகளின் பெயரைக் கடிதத்தில் இழுக்காதீர்கள்.

வாரியத்தை மறந்துவிடுவது

1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிட்டு, 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். அப்படிப்பட்ட நம்மிடம், உங்கள் பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. பெருநிலப் பக்கம் தோட்டத்தில் பிறந்த பள்ளிகள் உண்டு. தோட்டம் கைமாறி, வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிறது. வாரியம் பெயரளவில் இருந்தால், மேம்பாட்டாளர் பேச வரும் நாளில் பள்ளி சார்பில் கையெழுத்துப் போட உரிமையுள்ளவர் யார் என்றே தெரியாமல் போகும்.

நில உரிமைப் பதிவை யார் வேண்டுமானாலும் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம். உங்கள் பள்ளி வாரியத்தில் இப்போது யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், பெற்றோர் பிரதிநிதி யார் என்று ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அதையும் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

பொறுப்பு மாறும்போது கை கழுவுவது

புதிய குழு வந்ததும் மாலை, படம், கைதட்டல். பழைய தலைவரின் கையெழுத்து வங்கியில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். காசோலைப் புத்தகம் ஒருவர் வீட்டில், ரசீதுப் புத்தகம் இன்னொருவர் காரில், போன ஆண்டுக் கூட்டக் குறிப்பு யாரோ ஒருவரின் மடிக்கணினியில். புதிய குழுவின் முதல் கூட்டத்திலேயே கையெழுத்திடுபவர்களை மாற்றும் கடிதத்தை வங்கிக்கு எழுதிவிடுங்கள். ஒப்படைத்த பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு, பயன்படுத்தாத ரசீதுகளின் எண்களையும் அதில் எழுதி, ஒரு நகலைப் பள்ளி அலுவலகக் கோப்பில் வைத்துவிடுங்கள்.