புது செல்ஃப் மோட்டார் மாட்டியும் இழுக்கவில்லையா? கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பழைய டிராக்டரில் புதிதாக மாட்டிய செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) திணறிச் சுற்றினால், கடைக்குத் திருப்பி அனுப்பும் முன் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழில், சிவப்பு முனை மோட்டார் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்தில். கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் கிளம்பிவிடாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாவியைத் திருப்பட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில், அதாவது மோட்டார் உடம்புக்கும் பேட்டரிக்கும் இடையே மின்சாரம் திரும்பும் வழியில்தான் கோளாறு.

செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். துளி தடை இருந்தாலும் வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி, புது மோட்டாரின் ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு மாட்டும் விளிம்பில்) கடை அடித்த பளபள பெயின்ட். ஃபிளாஞ்ச் இன்ஜின் பக்க ஹவுசிங்கில் உட்காரும் முகத்தையும் போல்ட் துளை ஓரங்களையும் எமரி தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேயுங்கள். எர்த் கேபிளின் இரு முனைகளையும் அப்படியே. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

பாசிட்டிவ் எர்த் வண்டியென்றால் (பேட்டரி பாசிட்டிவை உடம்போடு இணைத்தது) மீட்டர் முனைகளை மாற்றி, பாசிட்டிவ் குமிழிலிருந்து பாருங்கள். மோட்டார் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் அசையவில்லை என்றால் இந்தச் சோதனை பயன்படாது. அது பினியன் (இன்ஜினைச் சுற்ற மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) பிரச்சினை, பழையதோடு வைத்துப் பல்லை எண்ணுங்கள்.