சூடேற்றும் புகையிலைக்கு மாறியவர் இதயத்தின் கணக்கைப் பார்ப்பது எப்படி?

"டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார், இதுக்கு மாறிட்டேன்" என்று பேனா மாதிரி ஒரு கருவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுரையீரலை விட்டுவிடுவோம், இங்கே இதயம் மட்டும்.

முதலில் எது குறைந்தது, எது குறையவில்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது சிகரெட் நுனி 800, 900 டிகிரிக்கு எரியும். புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் ஐகாஸ் (IQOS) மாதிரிக் கருவிகள் 350 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். எரியாததால் கார்பன் மோனாக்சைடு வெகுவாகக் குறைகிறது. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும் வாயு அது, குறைந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நிகோட்டின் பெரிதாகக் குறைவதில்லை. நாடி எகிறுவதும் ரத்தக்குழாய் இறுகுவதும் பிரஷர் ஏறுவதும் பெரும்பாலும் அதன் வேலை. எலிகளிடம் சோதித்தபோது, ரத்தக்குழாய் விரிந்துகொடுக்கும் திறன் சிகரெட் புகையில் குறைந்த அளவுக்கே இதிலும் குறைந்தது.

அப்புறம், இந்தக் கருவிகளை விற்கிறவர்கள் சொல்லும் அந்த சதவீதம். "நச்சு 90% குறைவு" என்று படித்தவுடன் மாரடைப்பும் 90% குறைவு என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடும். இதயம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 141 ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் வெளியான அலசலில், தினமும் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுகிற இதயநோய் அபாயம், 20 பிடிப்பவருக்குக் கூடுவதில் கிட்டத்தட்ட பாதி! அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் ஐகாஸுக்கு அனுமதித்த வாசகத்தையும் பாருங்கள்: முழுக்க மாறினால் நச்சுப்பொருள்கள் உடலில் சேர்வது குறையும் என்று சொல்லலாம், நோய் அபாயம் குறையும் என்று சொல்ல அனுமதி கிடைக்கவில்லை.

சரி, உங்கள் உடம்பிலேயே பாருங்கள். மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் போதும். கடைசி இழுப்புக்குப் பிறகு குறைந்தது 30 நிமிடம் காபியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, பேசாமல் 5 நிமிடம் உட்காருங்கள். பட்டை இதய மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து நாடியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வழக்கமாக இழுக்கிற நேரத்தில் இழுத்து முடித்த 5 நிமிடத்தில் இன்னொரு தடவை. இதற்காகவென்று கூடுதலாக ஒன்று இழுக்க வேண்டாம், ஏற்கெனவே இதயநோய் இருந்தால் இந்த இரண்டாவது பாகமே வேண்டாம். ஒரு வாரம் எழுதினால் எண்கள் பேசும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையே கொண்டுபோங்கள்.

பலர் வீட்டுக்குள் கருவி, வெளியே சிகரெட் என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன ஒரு சிகரெட் கணக்கை நினைத்தால் இதைவிட மோசமான பேரம் கிடையாது, இதயத்துக்கு இதில் லாபம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் சிகரெட்டை அடியோடு நிறுத்துங்கள், பிறகு கருவியை விட ஒரு தேதி குறியுங்கள். விடுவதற்குத் துணையாக இரண்டு வழி: நிகோட்டின் ஒட்டுப்பட்டையோடு நிகோட்டின் சூயிங்கமும் சேர்த்துக்கொள்வது, அல்லது புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வாரெனிக்லின் மாத்திரை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொல்வார். ஒட்டுப்பட்டையில் இருப்பதும் நிகோட்டின்தானே என்று கேட்பீர்கள். அது தோல் வழியாக மெதுவாக இறங்குகிறது, ஒவ்வொரு இழுப்புக்கும் சில நொடிகளில் வந்து குத்துகிற அந்தத் திடீர் ஏற்றம் அதில் இல்லை.