கரித்தூள் சைக்ளோனைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையில் சைக்ளோன் என்றால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது அதுவன்று. சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலங் கரியைப் பொடியாக்கும் ஆலைக்குப் பொருத்தக்கூடிய, காற்றைச் சுழற்றி, அதோடு பறக்கும் தூளைப் பிரித்தெடுக்கும் கூம்பு வடிவத் தகரக் கலம். கச்சான் வீசும்போது அந்தத் தூள் பக்கத்துக் கருவாட்டுக் களத்தில் படிந்தால் எழும் வம்பு தனிக்கதை. தகரத்தை வெட்டுமுன், கலம் எவ்வளவு தூளைப் பிடிக்கும் என்பதை காற்றோட்டத்தைக் கணிக்கும் இலவச மென்பொருளான ஓப்பன்ஃபோமில் கணித்துவிடலாம்.

முதல் படி, அளவுகள். சைக்ளோனுக்கு ஸ்டெயர்மண்ட் என்ற ஆய்வாளர் 1951இல் தந்த விகிதங்களின்படி, உருளையின் விட்டம் 30 செ.மீ. என்றால் காற்று நுழையும் வாய் 15 செ.மீ. உயரமும் 6 செ.மீ. அகலமும் இருக்கும்; காற்று வெளியேறும் மேல் குழாயின் விட்டம் 15, அது உள்ளே இறங்கும் ஆழமும் 15, உருளையின் உயரம் 45, மொத்த உயரம் 120 செ.மீ.

இரண்டாவது படியைக் கணினியைத் தொடாமலே செய்ய வேண்டும். நுழையும் காற்றின் வேகம் நொடிக்கு 15 மீட்டர், துகளின் அடர்த்தி கன மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்து, சைக்ளோன் எவ்வளவு சிறிய துகளைப் பிடிக்கும் என்று மதிப்பிடும் லாப்பிள் சூத்திரத்தில் இட்டால், பாதிக்குப் பாதி பிடிபடும் துகளின் அளவு சுமார் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வரும். அடர்த்தியை 1,400 ஆக்கினால் அது 4 மைக்ரானுக்கும் கீழே போய்விடும். மூட்டையை எடைபோட்டுக் கிடைக்கும் அடர்த்தியில் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடமும் சேர்ந்திருப்பதால், அதை அப்படியே உள்ளிடக் கூடாது.

அடுத்து வலைப்பின்னல், அதாவது கலத்தின் உட்புறத்தைக் கணிப்புக்காகச் சிறு கட்டங்களாகப் பிரிப்பது. 4 மி.மீ. கட்டங்களாகப் பிரித்தால் சுமார் 9 லட்சம் வரும். சாதாரண மேசைக் கணினி தாங்கும். கட்டங்கள் அறுமுகமாகவும் சுழற்சியின் போக்கை ஒட்டியும் இருக்கட்டும். கணிப்பு முறையை இரண்டாம் வரிசைத் துல்லியத்தில் வைக்காவிட்டால் சுழல் செயற்கையாக மழுங்கிவிடும்.

காற்றின் ஒழுங்கற்ற சுழிப்பைக் கணக்கில் சேர்க்கும் கொந்தளிப்பு மாதிரியில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பழக்கத்தில் எல்லோரும் எடுக்கும் கே-எப்சிலான், கொந்தளிப்பு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருப்பதாகக் கொள்வதால், கலத்திலுள்ள காற்று முழுவதும் ஒரே திடப்பொருளாகச் சுற்றுவது போலக் காட்டும். உண்மையில் நடுத்தண்டு மட்டுமே அப்படிச் சுற்றுகிறது. அதற்கு வெளியே, சுவரை நோக்கிப் போகப் போகத் தொடுகோட்டு வேகம் குறைகிறது. இந்த இரண்டு போக்கையும் காட்ட திசைக்குத் திசை கொந்தளிப்பைத் தனித்தனியாகக் கணிக்கும் ரெனால்ட்ஸ் தகைவு மாதிரியாவது வேண்டும். சுழலின் மையம் நிலைகொள்ளாமல் தள்ளாடுவதால் காலத்தோடு மாறும் கணிப்பையே ஓட்டுங்கள்: காலப்படி 0.0001 நொடி, மொத்தம் 2 நொடி. காற்று கலத்துக்குள் தங்குவது சராசரியாக 0.4 நொடிதான் என்பதால் அது போதும்.

எல்லை நிபந்தனையில், அதாவது கலத்தின் வாய்களும் சுவர்களும் எப்படி நடந்துகொள்ளும் என்று கொடுப்பதில், நான் ஒருமுறை ஏமாந்தேன். அடிவாயையும் காற்று போகும் வாயாகத் திறந்து வைத்தேன். நடுத்தண்டில் அழுத்தம் குறைவு என்பதால் வெளிக்காற்று கீழிருந்து உறிஞ்சப்பட்டு, இறங்கிய தூளையும் மேலே அள்ளிக்கொண்டு போனது. ஆலையில் அடிவாயின் கீழ் மூடிய தொட்டி இருக்கும். ஆகவே தொட்டியையும் வரைந்து, காற்றுக்கு அதைச் சுவராகவும், துகளுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும் பரப்பாகவும் கொடுங்கள்.

காற்றின் ஓட்டம் சீரானபின் 1, 2, 4, 6, 8, 10 மைக்ரான் என ஒவ்வோர் அளவிலும் ஆயிரம் துகள்களை விட்டு, தொட்டியில் விழுந்தவற்றை எண்ணுங்கள். கொந்தளிப்பால் துகள் சிதறும் அமைப்பை இயக்க மறந்தால், துகளின் அளவுக்கேற்பப் பிடிபடும் விகிதத்தைக் காட்டும் வளைகோடு செங்குத்தான படிக்கட்டுப் போல வந்து நிற்கும். இயக்கினால் சரிவாகப் படுக்கும். முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் பார்த்தால் சில துகள்கள் மேல்மூடியின் அடியில் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை பிடிபட்டவையும் அல்ல, தப்பியவையும் அல்ல. தனியாக எண்ணி வைத்துக்கொண்டு, கணிப்பை இன்னும் ஒரு நொடிக்கு நீட்டுங்கள்.