டெலிவரிக்கு அப்புறம் மனசு சரியில்லையா? உடம்பையும் சேர்த்தே பாருங்க

என் குழந்தைக்கு அப்ப ஆறு வாரம். ராத்திரி மூணு மணி, பால் குடிச்சுட்டு பிள்ளை அசந்து தூங்குது, நான் மட்டும் அந்த குட்டி நெஞ்சு ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், கண்ணு எரியுது, உடம்பு கெஞ்சுது, ஆனா தூக்கம் வரல. செக்கப்ல தையல் ஆறிடுச்சு, பிள்ளை வெயிட் நல்லா ஏறியிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நான் எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கல, நானா சொல்லவும் வாய் வரல. ரொம்ப நாள் கழிச்சு பிளட் டெஸ்ட் எடுத்தப்பதான் ரத்தமும் கம்மி, தைராய்டும் சரியில்லன்னு தெரிஞ்சுது. டிப்ரஷனும் இருந்துச்சு, அது வேற. மனசுக்கு ஒரு டாக்டர், உடம்புக்கு ஒரு டாக்டர்னு பிரிச்சுப் பாத்து நான் மாசக்கணக்கா வீணாக்கிட்டேன், நீங்க அப்படி பண்ணாதீங்க.

முதல்ல நாளை எண்ணுங்க. பிரசவம் ஆன ரெண்டு மூணு நாள்ல காரணமே இல்லாம அழுகை வர்றது நிறைய பேருக்கு நடக்கும், அது பேபி ப்ளூஸ், ரெண்டு வாரத்துக்குள்ள தானா போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் மனசு கனமாவே இருக்கு, எதுலயும் சந்தோஷம் இல்ல, எரிச்சலும் கோவமும் வருது, "நான் நல்ல அம்மாவே இல்ல"ன்னு தோணிட்டே இருக்குன்னா அது டிப்ரஷனா இருக்கலாம். முதல் வருஷத்துல எப்ப வேணா ஆரம்பிக்கலாம், அதனால "குழந்தைக்கு ஏழு மாசம் ஆச்சே, இனிமே எப்படி வரும்"னு நினைக்காதீங்க. சுமார் ஏழு எட்டு பேர்ல ஒருத்தருக்கு வர்ற விஷயம் இது. நான் முக்கியமா பாக்க சொல்ற அறிகுறி ஒண்ணு இருக்கு: பிள்ளை தூங்குது, வீட்ல வேலையும் இல்ல, அப்பவும் உங்களுக்கு தூக்கம் வரலைன்னா அது வெறும் அசதி இல்ல.

டாக்டர்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா, டெலிவரிக்கு அப்புறம் டிப்ரஷன் இருக்கான்னு பாக்குற எடின்பரோ கேள்வித்தாள் வேணும்னு கேளுங்க. 1987-ல வந்தது, 10 கேள்விதான், போன 7 நாள் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், மொத்தம் 30 மார்க். 10 வந்தாலே டாக்டர்கிட்ட பேசணும், 13-ஓ அதுக்கு மேலயோ வந்தா தள்ளிப் போடவே கூடாது. பத்தாவது கேள்வி உங்களுக்கு நீங்களே தீங்கு பண்ணிக்கணும்னு தோணுதாங்கிறது, அதுல பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்த மார்க் எவ்வளவா இருந்தாலும் அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

அதே விசிட்லயே பிளட் டெஸ்டும் கேளுங்க. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருக்கிற இரும்புச்சத்து சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்) இந்த மூணும் முக்கியம். டெலிவரிக்கு அப்புறம் சில பேருக்கு தைராய்டு சுரப்பியில அழற்சி வரும், முதல் சில மாசம் தைராய்டு ஹார்மோன் ரத்தத்துல அதிகமாகி படபடப்பு, பதட்டம், கை நடுக்கம்னு வரும், அப்புறம் அப்படியே குறைஞ்சு போய் அசதி, முடி கொட்டுறது, மனசு சோர்வுன்னு மாறும், வெளியில இருந்து பாத்தா டிப்ரஷன் மாதிரியேதான் இருக்கும். ஆனா ஒண்ணு, தைராய்டு இருக்குன்னு தெரிஞ்சதும் "அப்ப மனசுல பிரச்சனை இல்ல"ன்னு விட்டுடாதீங்க, ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இருமினா, தும்மினா யூரின் கசியுதுன்னா கூச்சப்படாம சொல்லுங்க, இடுப்பு வலி, உடலுறவுல வலி இதெல்லாமும்தான். "குழந்தை பெத்தா அப்படித்தான்"னு சொல்லி மூடி வெச்சு வருஷக்கணக்கா கஷ்டப்படுறவங்க ஏராளம், அந்த வலியே மனசையும் இழுத்துட்டுப் போகும். இதுக்கு, யூரினை அடக்குறப்ப இறுக்குற இடுப்புக்கு அடியில இருக்கிற தசையை (வயித்தை இல்ல) உள்ள இழுத்து சில நொடி பிடிச்சு விடுங்க, 10 தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை, மூணு மாசமாவது விடாம பண்ணணும். யூரின் போறப்ப நடுவுல நிறுத்திப் பழகாதீங்க. சரியா வரலைன்னா ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவாங்க.

ப்ரெக்னன்சில சுகர் இருந்துச்சா? டெலிவரி ஆகி 4-ல இருந்து 12 வாரத்துக்குள்ள குளுக்கோஸ் குடிச்சு பாக்குற டெஸ்ட் எடுக்கணும், அதுக்கப்புறமும் 1-3 வருஷத்துக்கு ஒரு தடவை, ஏன்னா பின்னாடி சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட பல மடங்கு அதிகம். ப்ரெக்னன்சில பிபி ஏறி மத்த உறுப்புகளையும் பாதிக்கிற ப்ரீஎக்லாம்சியா ஆகியிருந்தா இதய நோய் வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்கு, வருஷா வருஷம் பிபி பாருங்க. டிப்ரஷன்ல இருக்கிறப்ப முதல்ல விட்டுப் போறது இந்த செக்கப்தான், பிள்ளை தடுப்பூசி தேதி ஞாபகம் இருக்கும், நம்ம டெஸ்ட் தேதி இருக்காது.

சிகிச்சைன்னா பேச்சு வழி தெரபி இருக்கு, மாத்திரையும் இருக்கு. பால் குடுக்கிறேன் மாத்திரை வேண்டாம்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, டிப்ரஷனுக்கு குடுக்கிற செர்ட்ரலின் மாதிரி மருந்து பால்ல ரொம்ப கம்மியாதான் போகும், பால் குடுக்கிற அம்மாக்களுக்கு டாக்டர்கள் அதிகமா எழுதுறது அதுதான். முழு பலன் தெரிய 4-6 வாரம் ஆகும், நல்லா ஆயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது.

இது வீட்டுக்காரருக்கு: மனைவிக்கு தினமும் 4-5 மணி நேரம் தொடர்ச்சியா தூக்கம் கிடைக்கணும், துண்டு துண்டா இல்ல. அந்த நேரத்துல எடுத்து வெச்ச பாலோ பவுடர் பாலோ நீங்க குடுங்க, வேற ரூம்ல. அப்புறம், அவங்க தூங்காமலே சுறுசுறுப்பா இருக்காங்க, காதுல குரல் கேக்குதுன்னு சொல்றாங்க, சம்பந்தமில்லாம சந்தேகப்படுறாங்கன்னா அது சைக்கோசிஸா (எது நிஜம்னு பிரிச்சுப் பாக்க முடியாத நிலை) இருக்கலாம், ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துல. அவங்களை பிள்ளையோட தனியா விடாம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க.

ஒரு பேப்பர்ல ப்ரெக்னன்சில இருந்த பிபி, சுகர், டெலிவரியில ஆன ரத்தப்போக்கு, கேள்வித்தாள் மார்க், பிளட் ரிசல்ட், அடுத்த டெஸ்ட் தேதி எல்லாம் எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த தடவை கர்ப்பமானா முதல் விசிட்லயே அதைக் காட்டுங்க, ஏன்னா டிப்ரஷன் ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடியும் வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. நான் அந்த பேப்பரை பிள்ளையோட தடுப்பூசி கார்டுக்குள்ளதான் மடிச்சு வெச்சிருக்கேன், அதை எடுக்கிறப்பல்லாம் இதுவும் கையில வரும்.